தனியாகப் பறப்பதற்கு முன் ஹெட்செட்டுக்குள் ஐந்து வாரங்கள்

வட இந்தியாவில் உள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் 14 மணி நேரம் பறந்து முடித்திருந்தபோது மூடுபனிக் காலம் தொடங்கிவிட்டது. கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு விதிகள் கேட்கும் 5 கிலோமீட்டர் தெரிவுநிலை நண்பகல் வரை வருவதே இல்லை. வந்த பிறகு எஞ்சும் சில மணி நேரத்தை எங்கள் பிரிவு முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் தனிப்பறத்தல் நெருங்கிய நேரத்தில் கை மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான், விடுதி அறை நண்பரின் குவெஸ்ட் 2 என்ற வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டைக் கேட்டு வாங்கி, அவருடைய கணினியில் இருந்த எக்ஸ்-பிளேன் என்ற பறத்தல் பாவனை மென்பொருளில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டத் தொடங்கினேன்.

இந்த நேரம் எதுவும் பறத்தல் பதிவேட்டில் ஏறாது. வணிக விமானி உரிமத்திற்குத் தேவையான 200 மணி நேரத்தில் இதனால் ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2021 ஏப்ரலில் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான ஒரு வி.ஆர். பயிற்சிக் கருவியை அங்கீகரித்தது உண்மைதான். ஆனால் அது அசையும் மேடையும் அசல் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கொண்டது. என்னிடம் இருந்ததோ மேசை விளிம்பில் திருகி மாட்டிய ஒரு யோக்கும் (விமானத்தைச் செலுத்தும் கைப்பிடி), தரையில் வழுக்கிக்கொண்டே போகும் ஒரு ஜோடி ரட்டர் பெடலும் (வால் சுக்கானுக்கான கால்மிதி)தான்.

முதல் நான்கு நாட்கள் பயிற்சி என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. விமானம் சாய்ந்து திரும்புவதைக் கண் காண்கிறது. உட்செவியோ நாற்காலி அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் பத்தாவது நிமிடமே குமட்டல் வந்துவிடும். குமட்டலைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது நிலைமையை மோசமாக்கியது. தலை கனத்த உடனே கழற்றிவிட்டு மறுநாள் தொடர்வதே பலன் தந்தது. இரண்டாம் வாரத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

அதன் பிறகுதான் வி.ஆரின் உண்மையான பயன் புரிந்தது. தட்டைத் திரையில் சர்க்யூட்டை, அதாவது புறப்பட்டு ஓடுபாதையைச் சுற்றி வந்து தரையிறங்கும் பாதையை, பழகும்போது ஓடுபாதை பக்கவாட்டுக்குப் போனதும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஹெட்செட்டில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்ட் பகுதியில் செல்லும்போது இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, ஓடுபாதையின் முனை இறக்கைக்குப் பின்னால் ஏறத்தாழ 45 பாகையில் வரும் கணத்தில் பேஸ் எனப்படும் குறுக்குப் பகுதிக்கான திருப்பத்தைத் தொடங்கலாம். முனைக்கு நேராக வரும்போது சக்தியைக் குறைத்து 10 பாகை ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்), பேஸில் 20, இறுதி அணுகலில் 30, வேகம் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) என்ற வரிசையை, ஒவ்வொரு செயலுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்பதோடு சேர்த்தே பழகிக்கொண்டேன். எஞ்சின் நின்றால் முதலில் 68 நாட் சறுக்கு வேகத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு வயலைத் தேடும் பழக்கமும் இப்படித்தான் படிந்தது. சுவிட்சுகளைத் தொட்டறிய வழியில்லாததால், காக்பிட் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதில் விரல் வைத்துச் செயல்வரிசையைத் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அச்சிட்ட அந்தத் தாள் ஹெட்செட்டின் குறையை நிரப்பியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜனவரி இறுதியில் மீண்டும் விமானத்தில் ஏறிய முதல் நாளே பயிற்றுநர், "சர்க்யூட் நன்றாகத் திருந்தியிருக்கிறது, தரையிறக்கம் எப்படிக் கெட்டது?" என்று கேட்டார். நான் சீக்கிரமே மூக்கைத் தூக்கினேன்; விமானம் ஓடுபாதைக்கு மேலே மிதந்து, தொப்பென்று விழுந்தது. ஹெட்செட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. தரை நம்மை நோக்கி எழும் வேகத்தை நாம் பெரிதும் ஓரப்பார்வையால்தான் உணர்கிறோம். ஹெட்செட்டில் அந்த ஓரங்கள் கறுப்பாக இருக்கும். அதனால் மூக்குக்கு முன்னால் உள்ள ஓடுபாதைப் புள்ளியையே உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. "ஓடுபாதையின் மறுகோடியைப் பாருங்கள், உயரம் தானாகத் தெரியும்" என்றார் அவர். இன்னொரு கோளாறும் இருந்தது. மேசை யோக்கின் ஸ்பிரிங் எல்லா வேகத்திலும் ஒரே விறைப்புடன் இருப்பதால், வேகம் குறையும்போது கட்டுப்பாடு தளர்வதைக் கை மறந்திருந்தது. ட்ரிம் சக்கரத்தைத் திருப்பிக் கையின் பாரத்தைக் குறைக்காமல், பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். இவ்விரண்டையும் களைய ஆறு பறத்தல்கள் பிடித்தன. அந்த நாட்களில் ஹெட்செட்டில் தரையிறக்கத்தை அறவே நிறுத்திவிட்டு, இறுதி அணுகலில் 200 அடிக்கு வந்ததும் மறுபடி மேலேறிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பயிற்றுநர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, கதவைச் சாத்தி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். புறப்பட்டதும் ஒன்று தெரிந்தது: ஹெட்செட்டில் எத்தனையோ முறை காலி இருக்கையுடன் பறந்திருந்தும், மென்பொருளில் இருவர் எடையை நான் மாற்றவே இல்லை. அருகில் ஆள் இல்லாத விமானம் வழக்கத்தைவிட விரைந்து ஏறியது. சர்க்யூட் உயரமான 1,000 அடி, நான் மனத்தில் குறித்து வைத்திருந்த இடத்துக்கு முன்பே வந்துவிட்டது.