கோழிக்கு எவ்வளவு லைசின் வேண்டும்? சுங்கை சிப்புட்டில் ஒரு தீவனச் சோதனை

புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று லைசின். இறைச்சிக் கோழியின் தீவனத்தில் அது எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்பதுதான் என் முதுகலை ஆய்வின் கேள்வி. கேட்பவர்களுக்கு ஒரு மாலையில் முடிகிற கணக்குப் போலத் தோன்றும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வெளியிட்ட கோழி ஊட்டச்சத்துப் பட்டியலைப் புரட்டினால், முதல் மூன்று வாரங்களுக்கு 1.10 விழுக்காடு என்று அச்சிட்டே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஆய்வு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள்.

பட்டியல் அப்படியே இருக்கிறது, கோழி அப்படியே இல்லை என்பதுதான் பதில். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது பிறப்பு. இன்றைய குஞ்சு ஒவ்வொரு நாளும் கட்டுகிற தசை வேறு அளவு. பழைய குஞ்சை வைத்துக் கண்ட எண்ணை அதன் தலையில் கட்ட முடியாது. நம் ஊர் வெயில் தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் தாய்மாமாவுக்குக் கோழிக் கொட்டகைகள் இருக்கின்றன. என் பாட்டி காலத்தில் அங்கே எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். மாமா ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும், வளர்ந்த கோழியை அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை. ஒரு சிறிய கொட்டகை காலியாகக் கிடந்தது. விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல் வந்ததும் அதைக் கேட்டு வாங்கினேன்.

அமினோ அமிலத் தட்டுப்பாட்டை அவருக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழைய பால்வெட்டு வேலைதான். ஐந்து பேர், ஐந்து வாளி, ஆனால் பால்வெட்டும் கத்தி மூன்று என்றால், மூன்று பேருக்குத்தான் அன்று வேலை. மிச்சம் இரண்டு வாளியால் பயனில்லை. தசை கட்ட ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்கள் வேண்டும். எது குறைவோ அதுவே கத்தி. சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் இறைச்சிக் கோழிக்கு முதலில் தட்டுவது மெத்தியோனின், அடுத்தது லைசின், மூன்றாவது திரியோனின். பயன்படாமல் போன மற்றவற்றைக் கோழி எரித்துவிட்டு, அவற்றின் நைட்ரஜனை யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளிவிடுகிறது. கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவில் பெரும்பங்கு அதிலிருந்து வருவதுதான். மாமாவுக்கு இந்தக் கடைசிச் செய்திதான் சட்டென்று புரிந்தது.

முதலில் தட்டுவது மெத்தியோனின் என்றால் ஆய்வு ஏன் லைசினில்? உடலுக்குள் போன லைசின் அநேகமாகத் தசைக்கே போகிறது. மெத்தியோனினைப் போல இறகு, பிற வினைகள் என்று பல வழிகளில் பிரிவதில்லை. ஆய்வகத்தில் அளப்பதும் எளிது. அதனால் லைசினை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் விகிதப்படி இளங்குஞ்சுக்கு மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 72, திரியோனின் 67, வேலின் 77, ஆர்ஜினின் 105, டிரிப்டோஃபேன் 16. லைசின் எண் தப்பினால் இந்த வரிசை முழுவதும் தப்பும்.

இப்படிப்பட்ட சோதனையில் பாதி வேலை குஞ்சு வருவதற்கு முன்பே முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். அந்த வேலையின் பெயர் அடிப்படைத் தீவனம். அதில் லைசின் மட்டும் குறைய வேண்டும், மற்ற எதுவும் குறையக் கூடாது. சொல்ல ஒரு வரி. செய்யப் போனால் ஒவ்வொரு மூலப்பொருளும் முரண்டு பிடிக்கும். சோயாவில் லைசின் தாராளம், அதனால் அதைக் குறைத்தேன். அந்த இடத்தில் புரதம் நிறைந்து லைசின் குறைந்த ஒன்று வேண்டும். சோளக் குளூட்டன் மாவு அதற்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் அதில் லியூசின் கொட்டிக் கிடக்கிறது. லியூசின் மிகுந்தால் வேலின், ஐசோலியூசின் இரண்டின் தேவையும் ஏறிவிடும். ஆகவே குளூட்டன் மாவுக்கு ஓர் எல்லை. செம்பனை விதைப் புண்ணாக்கு நம் ஊரில் மலிவு, லைசினும் குறைவு. ஆனால் நார் மிகுதி. இளங்குஞ்சுக்குச் செரிமானத்தைக் கெடுத்து, என் கேள்வியை வேறு கேள்வியாக்கிவிடும் என்று ஒதுக்கினேன்.

ஆர்ஜினின்தான் என்னை மிகவும் படுத்தியது. கோழிக்கு யூரியாச் சுழற்சி கிடையாது, ஆர்ஜினினை அது தன் தேவைக்குச் செய்துகொள்ள முடியாது. அதோடு லைசின் கூடினால் சிறுநீரகத்தில் ஆர்ஜினினைச் சிதைக்கும் நொதி வேகம் கொள்கிறது. அப்படியானால் மேல்மட்டத் தீவனத்தில் ஆர்ஜினின் போதாமல் போய், வளர்ச்சி குறைய, அதைப் பார்த்து லைசின் அதிகமாகிவிட்டது என்று நான் எழுதிவிடக்கூடும். எனவே எல்லா அமினோ அமிலங்களையும் உச்ச லைசின் மட்டத்துக்கு ஏற்ற விகிதத்தில் வைக்க வேண்டும், அடிமட்டத்துக்கு ஏற்ப அல்ல. தூய ஆர்ஜினின் விலையைக் கேட்டதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் வாங்கினோம்.

மட்டங்கள் ஆறு: செரிமானமாகும் லைசின் 0.85 விழுக்காட்டில் தொடங்கி 0.10 வீதம் ஏறி 1.35 வரை. தேவை என்று நினைக்கும் எண்ணுக்குக் கீழும் மேலும் போதுமான புள்ளிகள் இருக்க வேண்டும்; எல்லாமே போதுமான பகுதியில் விழுந்தால் தட்டையான கோடு மட்டும் கிடைக்கும். லைசின் ஹைட்ரோகுளோரைடு என்ற வெளிறிய துகளில் ஏறத்தாழ 78 விழுக்காடுதான் லைசின். ஆக ஒரு படிக்கு டன்னுக்கு 1.28 கிலோ. உச்சப் படிக்கு 6.4 கிலோ. அதோடு டன்னுக்கு 1.2 கிலோவுக்கு மேல் குளோரைடும் சும்மா வந்து சேர்கிறது! அதை விட்டுவிட்டால் உடலின் அமில-காரச் சமநிலை மட்டத்துக்கு மட்டம் மாறும். உப்பைக் குறைத்துச் சோடா உப்பைக் கூட்டி எல்லாத் தீவனத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தேன். படித்த ஆய்வுகள் சிலவற்றில் இந்தத் திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவற்றின் எண்களை இப்போது சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆறு தீவனத்தையும் தனித்தனியாகக் கலக்கவில்லை. அடிமட்டம் ஒன்று, உச்சம் ஒன்று என இரண்டை மட்டும் கலந்து, 80க்கு 20, 60க்கு 40 என்று சேர்த்தால் இடைமட்டங்கள் தாமே அமையும். எடைபோடுவதில் வரும் பிழை ஆறு இடத்தில் சிதறாமல் இருக்கும். சிறு அளவுப் பொருள்களை முதலில் கொஞ்சம் சோளமாவில் பிசிறிவிட்டு, பிறகுதான் பெரிய கலவை இயந்திரத்தில் கொட்ட வேண்டும். எண்ணுக்குப் பதில் நிறம் ஒட்டிய தொட்டிகளில் அடைத்தேன், தீவனம் போடுபவருக்கு எது எதுவென்று தெரியாதிருக்க. “ஏன் பாப்பா, ஒரே மாதிரி மாவை ஆறு நிறத் தொட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய்?” என்று மாமா கேட்டார். உண்மையில் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அதனால்தான் ஆய்வகம்.

மாதிரிகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தைப் பிரித்து அளக்கிறார்கள். மெத்தியோனினையும் சிஸ்டினையும் அதற்கு முன் ஆக்சிஜனேற்றம் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் இழப்பு வரும். டிரிப்டோஃபேன் அமிலத்தில் அழிந்தே போகும். அதற்குக் காரத்தில் தனி முறை. இதைவிட எனக்கு நிம்மதி தந்தது மலிவான இன்னொரு சோதனை. சேர்த்த லைசின் புரதத்தோடு பிணைந்திருக்காது, ஆகையால் கொதிக்க வைக்காமலே நீர்த்த அமிலத்தில் கரைத்து அதை மட்டும் அளந்துவிடலாம். ஆறு மட்டமும் படிப்படியாக ஏறியதைத் தாளில் பார்த்த பிறகுதான் குஞ்சுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆண் குஞ்சுகள் மட்டும். சேவலுக்குத் தசை வளர்ச்சி அதிகம், லைசின் தேவையும் அதிகம். இரண்டும் கலந்தால் கூண்டுக்குக் கூண்டு வேறுபாடு கூடும். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம், எட்டாம் நாள் எடைபோட்டு, ஒவ்வொரு கூண்டின் சராசரியும் ஒன்றுபோல வரும்படி பிரித்து, 21ஆம் நாள் வரை சோதனை. மட்டத்துக்கு எட்டுக் கூண்டுகள், கூண்டுக்குப் பன்னிரண்டு குஞ்சுகள். மொத்தம் 576 குஞ்சுகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரே தொட்டியில் தின்பவை தனித்தனிச் சான்றாகா. கணக்கில் நிற்பவை 48 கூண்டுகள்தான். இறந்த குஞ்சையும் எடைபோட வேண்டும், அது தின்ற தீவனமும் கணக்கில் இருப்பதால். தைப்பூசத்தன்று எடைபோடும் நாள் விழாதபடி முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். அன்று ஈப்போ கல்லுமலைக்குப் போகாமல் கோழி பிடிக்க வருகிற ஆளை எங்கள் ஊரில் தேடினாலும் கிடைக்காது.

வெயிலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? திறந்த கொட்டகை, பிற்பகலில் 33, 34 பாகை. கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தீவனத் தொட்டிப் பக்கமே வராது. தின்பது குறைந்தால் அதே விழுக்காடு குறைந்த கிராமாகிவிடும். ஆகவே தீவனத்தில் எத்தனை விழுக்காடு என்பதோடு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்றும் எழுதினேன். குளிர்நாட்டில் கண்ட விழுக்காட்டை இங்கே அப்படியே போடுவதில் எனக்கு உடன்பாடில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

எண்கள் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தகராறு. ஆய்வேடு இன்னும் தேர்வாளர்களிடம் இருப்பதால் எங்கள் எண்களை இங்கே எழுதவில்லை, வடிவத்தை மட்டும் சொல்கிறேன். எடைக்கூடுதல் முதலில் தட்டையானது. தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம், அதற்கு மேலும் ஒரு படி சீரானது. நெஞ்சுத் தசை எல்லாவற்றுக்கும் கடைசியாக நின்றது. ஒரே கொட்டகை, ஒரே குஞ்சு, ஒரே தீவனம், தேவை மட்டும் மூன்று.

கோடு வரைவதிலும் அதே சிக்கல். ஏறிப்போய்ச் சட்டென்று முறிந்து தட்டையாகும் கோட்டை வரைந்தால், முறிகிற புள்ளியே தேவை. புள்ளிகளுக்கு அது பொருந்தவும் செய்யும், ஆனால் பெரும்பாலும் குறைத்தே சொல்லும். ஏனென்றால் ஒவ்வொரு கோழியும் தன்னளவில் அப்படி முறிந்தாலும், எல்லாம் வெவ்வேறு இடத்தில் முறிவதால் மந்தையாகச் சேரும்போது வளைவுதான் கிடைக்கிறது. முட்டைக் கோழிகளை வைத்து ஃபிஷர், மாரிஸ், ஜென்னிங்ஸ் 1973இல் காட்டியது இதைத்தான். இருபடி வளைவை வரைந்தாலோ உச்சி வெகுதூரம் போய்விடும். அதன் 95 விழுக்காட்டைத் தேவை என்பார்கள். ஏன் 95, ஏன் 90 இல்லை? உயிரியலில் அதற்குப் பதில் கிடையாது, அது வழக்கம். முறிகோட்டின் தட்டைப் பகுதியை வளைவு முதன்முதலில் தொடும் இடத்தை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு, பேக்கர் குழுவினர் 2002இல் கையாண்டது. நான் மூன்றையும் போட்டு, பரிந்துரைக்கு இந்த மூன்றாவதை எடுத்தேன். எந்த முறையில் கண்டது என்று சொல்லாமல் தேவை இத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த எண்ணை நம்பி ஒரு மூட்டை கலக்கக்கூட எனக்குத் துணிவில்லை.

மாமாவுக்கு இதெல்லாம் வேண்டாம். “ஒரே எண்ணாகச் சொல், பாப்பா,” என்றார். நெஞ்சுத் தசையை அறுத்து விற்கிற ஆலைக்கு ஓர் எண், உயிரோடு நிறுத்து விற்பவருக்கு வேறு எண் என்றேன். லைசின் விலை ஏறினால், கடைசிப் படி தரும் கூடுதல் இறைச்சி அந்தச் செலவைத் திருப்பித் தராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தன் ஒப்பந்தத்தில் கூலியை முடிவு செய்வது தீவன மாற்று விகிதம், ஆக நடு எண்தான் தனக்கு என்றார். சரியான பதில். உடனே எழுந்துபோய் மூட்டையின் சீட்டைப் பார்த்தார்: புரதம், கொழுப்பு, நார், ஈரம் எல்லாம் இருந்தன, லைசின் இல்லை. நிறுவனத்தின் பிரதிநிதி வரும்போது கேட்கப் போகிறாராம். அதற்குள் மூன்று மூட்டையிலிருந்து அள்ளிய மாதிரியை ஒரு பையில் கட்டி என் வண்டியில் வைத்துவிட்டார், ஆய்வகக் கட்டணம் எவ்வளவு என்று இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.