மூன்றாம் கட்டத்தில் கடல்

நான் சித்திரக்கதையாகக் கட்டம் கட்டமாகக் கீறிய சுனாமிக் கையேடு அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டது. அதன் மூன்றாம் கட்டத்தை மட்டும் நான் இன்னும் மனசுக்குள் கீறி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

திட்ட அலுவலர் அக்கா தந்த கதையில் கடல் முதலில் உள்வாங்கும், மீன் துள்ளும், பிள்ளைகள் பொறுக்க ஓடுவார்கள், பிறகு அலை வரும். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையின் கிழக்கே நம் கரையில் நடந்த ஒழுங்கு வேறு. சுமத்ரா பக்கம் கடலடி முறிந்தபோது மேற்குப் பக்கம் மேலெழுந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே இருக்கிற தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. மேற்கே இருக்கிற நமக்கு முதலில் வந்தது ஏறும் தண்ணீர். வற்றியது அதற்குப் பிறகு.

திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் வலை பொத்திக்கொண்டிருந்த, காக்கா என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவரிடம் பென்சில் படத்தைக் காட்டினேன். "இல்ல மகன், கடல் முதல்ல வத்தல்ல. தண்ணி பொங்கி வேலி வரைக்கும் வந்த. பொறகுதான் வத்தின." நான் கீறியிருந்த வள்ளத்தின் அணியத்தில் விரலை வைத்து, கட்டியிருந்த கயிறு எந்தப் பக்கம் இழுபட்டது என்றும் காட்டினார். கயிற்றை அப்படியே மாற்றிக் கீறினேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நடந்ததைக் கீறச் சொல்லிக் கேக்கேல்ல தம்பி. இனி வந்தால் பிள்ளையள் என்ன செய்யோணும் எண்டதுதான் எனக்கு வேணும்."

நான் விடவில்லை. வள்ள எஞ்சின் கையேடுகளுக்குப் பாகம் பாகமாகக் கழற்றிக் கீறிப் பழகிய கை இது. ஒரு வோஷர் இடம் மாறினால் அந்தப் படம் பொய். உயிர்கள் போன ஒரு நாளை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கீறவேண்டும்? கடைசியில் என் ஒழுங்கே நின்றது: ஏறும் தண்ணீர், வற்றும் கடல், பேரலை.

அச்சுக்கு முன் ஒரு வகுப்பில் வாசிக்கக் கொடுத்தோம். ஒரு பெண்பிள்ளை கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப சேர், தண்ணி வராம முதல்லயே கடல் வத்தினா ஓடத் தேவையில்லயா?"

ஓடத்தான் வேண்டும் என்றேன். கட்டத்தின் கீழே ஒரு வரியும் எழுதிச் சேர்த்தோம். ஆனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அந்த வரி எதற்கு உதவும்?

என் படத்தில் பிழையில்லை என்று இப்போதும் சொல்வேன். அதே பக்கத்தில் அதே மாதிரி முறிந்தால் அதே ஒழுங்கில் வரத்தான் வாய்ப்பு அதிகம். நிலநடுக்க மையம் 1,700 கிலோமீட்டர் அளவு தள்ளி இருந்தது, அலை இங்கே வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நிலம் குலுங்கும்வரை காத்திரு என்று யாருக்கும் சொல்லமுடியாது. கடலைப் பார்த்துத்தான் ஓடவேண்டும். ஆகவே கடலைச் சரியாகக் காட்டவேண்டும். இதுவரை எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் சித்திரக்கதையில் இருக்கிறது. அதில் கட்டங்களின் வரிசைதான் காலம். ஒன்று முடிந்தால்தான் மற்றது. இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்பதை அடுத்தடுத்த கட்டங்களில் வைத்தால் பிள்ளை அதை 'முதலில் இது, பிறகு அது' என்றே வாசிக்கும். எவ்வளவு துல்லியமாகக் கீறினேனோ அவ்வளவு உறுதியாக அந்த ஒழுங்கு அவள் மனதில் விழுந்தது. அக்கா சொன்னபடி விட்டிருந்தால் அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திராது. ஆனால் அப்போது, தண்ணீர் முதலில் பொங்கினால் நிற்கலாம் என்று இன்னொரு பிள்ளை நினைத்திருக்கும். அல்லது கிண்ணியாக் காக்காவின் பேரப்பிள்ளை, வாப்பும்மாவும் அப்பாவும், அதாவது பாட்டியும் பாட்டனும், வீட்டில் சொன்னது பொய் என்று நினைத்திருக்கும். இதில் எது பெரிய ஆபத்து என்று எனக்கு நிறுக்கத் தெரியவில்லை.

மறுபதிப்பு வருகிறதாம். நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் கீறித் தருகிறேன் என்றிருக்கிறேன். ஒரே கரை, இடப்பக்கம் ஏறும் தண்ணீர், வலப்பக்கம் வற்றிய கடல், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். அப்படி ஒரு கரை எங்கேயும் இல்லையே தம்பி என்கிறா அக்கா.