எல்பிடி1 போர்ட்டை விட்டு வெளியே வந்த பில்லிங் மென்பொருள்

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து பில்லிங் மென்பொருள் ஒன்றை விண்டோஸின் சொந்த அச்சு முறைக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பழைய நிரல், பிரிண்டரை இணைக்கும் எல்பிடி1 போர்ட்டில் நேரடியாக எழுதும். புதிய நிரல் தயாராகும்வரை, 'நெட் யூஸ்' கட்டளையால் அந்தப் போர்ட்டைப் பகிரப்பட்ட பிரிண்டருக்குத் திருப்பிவிட்டேன். அன்றாட வேலை தடைபடவில்லை.

பெரிய தலைவலி பக்க உயரம்தான். பில் தாள் 6 அங்குலம். பழைய நிரல் அச்சின் தொடக்கத்திலேயே எஸ்கேப், சி, 36 என மூன்று பைட்டுகளை அனுப்பிவிடும். அங்குலத்துக்கு 6 வரி, 36 வரியில் பக்கம் முடிந்தது என்று, ஊசிகளால் குத்தி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். பிரிண்டருக்கு ஏற்றபடி பக்கத்தை மாற்றித் தரும் விண்டோஸ் மென்பொருளான டிரைவர் வழியாகப் போகும்போது அந்தக் கட்டளைக்கு வேலையே இல்லை. டிரைவருக்கு எந்தத் தாள் அளவு தெரியுமோ அதுதான் சட்டம். இயல்பாக இருந்த 11 அங்குல லெட்டர் தாளை நம்பி (இரண்டு பில் தாள் சேர்ந்தால் 12 அங்குலம்), ஒவ்வொரு பில்லும் கிழிக்கும் கோட்டிலிருந்து ஓர் அங்குலம் விலகி விலகி அச்சானது. பிரிண்ட் சர்வர் அமைப்பில் 6 அங்குல உயரத்துக்குப் ஃபார்ம் எனப்படும் புதிய தாள் அளவு ஒன்றை உருவாக்கி, அதையே பிரிண்டரின் இயல்புத் தாளாக்கிய பிறகுதான் சரியானது.

வேகமும் குறைந்திருந்தது. விண்டோஸின் ட்ரூடைப் எழுத்துருவை டிரைவர் படமாக வரைந்து அனுப்புகிறது. ஊசிகள் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டியிருக்கிறது. பிரிண்டரிலேயே உள்ள 'டிராஃப்ட்' எழுத்துருவுக்கு மாற்றியதும் பழைய சடசடப்பு திரும்பியது.

அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரின் அமைப்பில், கடைசிப் பக்கம் சேர்ந்த பிறகே அச்சிடத் தொடங்கும்படி வைத்தேன். நிரல் நடுவில் தயங்கி நின்றாலும் பிரிண்டர் மற்றவர்களுக்குக் கிடைக்கும். இதற்கு விலை உண்டு: ஒவ்வொரு பில்லின் முடிவிலும், ஆவணம் முடிந்தது என்று நிரல் சொல்லும் எண்ட்டாக் அழைப்பு போயே தீர வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் 'ஸ்பூலிங்' என்ற நிலையிலேயே பில் உட்கார்ந்திருக்கும், தாள் அசையாது. ஸ்பூலரைத் தவிர்த்து நேரடியாக அச்சிடும் தேர்வை நான் தொடவில்லை. அச்சு முடியும்வரை பில் போடுபவரைக் காக்க வைப்பதில் என்ன லாபம்?

பார்கோடு லேபிளை மட்டும் புதிய முறைக்குக் கொண்டுவரவில்லை. லேபிள் பிரிண்டருக்கு அதன் சொந்தக் கட்டளை மொழி இருக்கிறது. அந்த பைட்டுகளை ஸ்பூலர் தொடாமல் கடத்திவிட, தரவு வகையை 'ரா' என்று குறிப்பிட்டு, ரைட்பிரிண்டர் என்ற விண்டோஸ் அழைப்பு வழியாக அனுப்புகிறேன்.