பொட்டலத்தின் பின்பக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்த வியாபாரிகளுக்கும், மாவட்டத்தின் சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கும் பொட்டலங்களும் விளம்பரங்களும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஜவ்வரிசி, காபித்தூள், மசாலாப்பொடி, வடகம் என்று அன்றாடம் சமையலறைக்குள் நுழையும் பொருள்களே என்னிடம் அதிகம் வருகின்றன. இந்த வேலையில் எழுத்தின் அளவும், நிறமும், இடமும் என் கையில் இருக்கின்றன. வாங்குபவர் எதைக் கண்டிப்பாகப் பார்ப்பார், எதைப் பார்க்காமலேயே போய்விடுவார் என்பதை அவற்றின் வழியாக நான்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறேன். வடிவமைப்பாளரின் பொறுப்பு என்று நான் கருதுவது அந்த முடிவைத்தான்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை உருட்டி, வறுத்து, களத்தில் வெயிலில் காயவைத்தால் கிடைப்பது சற்று மங்கிய வெள்ளை நிறமுள்ள மணி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலத்து ஜவ்வரிசியின் பெரும்பகுதி, விரத நாட்களில் அதை உணவாகக் கொள்ளும் மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்குப் போகிறது. சந்தையில் வெள்ளை கூடினால் விலையும் கூடும். அந்த வெள்ளைக்காகச் சில ஆலைகள் ரசாயனம் சேர்ப்பதும், உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனையிட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்வதும் எங்கள் ஊர்ச் செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கின்றன. குற்றம் ஆலையினுடையது என்று சொல்லி நாங்கள் ஒதுங்கிவிட முடியும். ஆனால் வெள்ளையாக இருப்பதுதான் நல்ல ஜவ்வரிசி என்ற எண்ணம் வாங்குபவர் மனத்தில் தானாக முளைத்ததில்லை. புகைப்படத்தில் பிரகாசத்தைக் கூட்டி, மஞ்சள் சாயலை முற்றிலும் நீக்கி, பக்கத்துப் பொட்டலத்தைவிட நம்முடையது பளிச்சென்று நிற்க வேண்டும் என்று திரைக்கு முன்னால் அமர்ந்து உழைக்கும் ஒவ்வொருவரும் அந்த எண்ணத்தை வளர்க்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன். இயற்கையான நிறம் அழுக்காகத் தெரியும் அளவுக்குப் படங்கள் பழக்கிவிட்ட பிறகு, நேர்மையாக உற்பத்தி செய்பவரின் சரக்குதான் கடைத் தட்டிலேயே தேங்குகிறது.

ஆகவே நிறம் திருத்தும்போது அந்த ஆலையின் ஜவ்வரிசியையே ஒரு கிண்ணத்தில் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒருமுறை வயதில் மூத்த உற்பத்தியாளர் ஒருவர் அச்சுக்கு முந்தைய மாதிரியான புரூஃபைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, நம்மளது மட்டும் மங்கலா இருக்குதே?” என்று வருத்தத்தோடு கேட்டார். “உங்க சரக்கோட நிறமே இதுதானுங்கண்ணா. படத்தைப் பார்த்து வாங்குறவங்க பிரிச்சுக் கொட்டும்போது ஏமாறக் கூடாது” என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். இறுதியில் படத்தையே எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் சரக்கு தெரியும்படி பவுச்சில் தெளிவான சன்னல் ஒன்று விடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். எல்லோரும் இப்படி இசைவதில்லை. வேறொருவர் என்னிடமிருந்து கணினிக் கோப்பை வாங்கிப்போய், வேறிடத்தில் கொடுத்துப் படத்தை வெளுப்பாக்கிக்கொண்டார்.

காபித்தூளில் சிக்கல் வேறு விதமானது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காபி விளைகிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும் பயணிகள் தூள் வாங்காமல் திரும்புவது அரிது. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், இரண்டின் சதவீதத்தையும் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. சிக்கரி தீங்கானது என்று நான் சொல்லவில்லை. திடமான டிகாஷனுக்காக அதை விரும்பிக் கேட்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் கவலை, அந்தச் சதவீதம் எங்கே, எந்த மொழியில் நிற்கிறது என்பதுதான். முன்பக்கத்தில் பனி மூடிய மலையும் சிவந்த காபிப் பழங்களும் ‘அசல் மலைக் காபி’ என்ற தமிழ் வரியும் இருக்கும். சதவீதம் பின்பக்கத்தில், ஒட்டு மடிப்புக்கு அருகில், ஆங்கிலத்தில் இருக்கும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். கூடுதலாக வேறு மொழியைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விளைவாக, ஆசையைத் தமிழில் மூட்டிவிட்டுத் தகவலை ஆங்கிலத்தில் சொல்வது எங்கள் துறையின் இயல்பாகிவிட்டது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய், அந்தப் பொட்டலத்தில் தன்னை வாங்கத் தூண்டும் சொல்லை மட்டுமே படிக்க முடிகிறது. இதைவிடப் பெரிய அநீதி எங்கள் மேசையில் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய இரண்டு வரி இடமே போதும்.

வடிவமைப்பாளரின் மனசாட்சி பற்றிய பேச்சு புதியதன்று. 1964-இல் லண்டனில் கென் கார்லண்ட் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் வெளியிட்ட அறிக்கையில் 20-க்கும் மேற்பட்ட வடிவமைப்பாளர்களும் புகைப்படக்காரர்களும் மாணவர்களும் கையெழுத்திட்டனர். தங்கள் திறமை அற்பமான நுகர்பொருள்களை விற்பதில் வீணாகிறது, அதைச் சமூகத்துக்குப் பயன்படும் பணிகளுக்குத் திருப்ப வேண்டும் என்பது அதன் சாரம். 2000-ஆம் ஆண்டையொட்டி அது புதுப்பிக்கப்பட்டபோது, நுகர்வுப் பண்பாட்டையே எதிர்க்கும் குரலாகக் கூர்மை பெற்றது. அந்த அறிக்கை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் சேலம் போன்ற ஊரில் பயனுள்ள பணிகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிழைக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. கூலிக்குச் செய்யும் மசாலாப் பொட்டலத்திலும் மனசாட்சிக்கு இடம் உண்டு என்பதை அந்த அறிக்கை போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் விளம்பர நிறுவனங்களையும் உள்ளடக்குகின்றன. ஆனால் ஒரு கணினியோடு சிறு அறையில் வேலை செய்பவர் தன்னை விளம்பர நிறுவனமாக எண்ணுவதே இல்லை.

நடைமுறையில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. பவுச் அச்சுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செதுக்க வேண்டும். செதுக்கிய பிறகு ஒரு சொல்லைச் சேர்ப்பதென்றாலும் புதிய சிலிண்டருக்குச் செலவாகும். அந்த நிலையில் எந்த உற்பத்தியாளரிடமும் நியாயம் பேசிப் பயனில்லை. முன்பக்க அழகில் நாட்கள் கழிந்து, பின்பக்கம் கடைசி இரவில் அவசரமாக நிரப்பப்படுவதால்தான் விவரங்கள் நசுங்கிப் போகின்றன. நான் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். எடை, விலை, தயாரித்த மாதம், கலவை ஆகியவை தமிழிலும் படிக்கும் அளவில் அமர்ந்த பிறகே மலையும் பழமும் வரும். என்னிடம் வேலை பழக வருபவர்களுக்கும் முதலில் தருவது பின்பக்கத்தைத்தான்.

இப்போது விற்பனை கைப்பேசித் திரைக்கும் நகர்ந்துவிட்டது. பொதிந்த பொருளின் முக்கிய விவரங்களை இணைய விற்பனைத் தளங்களும் காட்ட வேண்டும் என்ற விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் விரல்நுனி அளவே உள்ள படத்தில் முன்பக்கம் மட்டுமே கண்ணில் படுகிறது. கடையில் செய்வதுபோல் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க அங்கே கை இல்லை. அதனால் தளத்துக்குப் படங்கள் அனுப்பும்போது பின்பக்கத்தை இரண்டாவது படமாகவே சேர்த்துக் கொடுக்கிறேன். காபி என்றால் சதவீதத்தை முன்பக்கத்திலேயே, பெயருக்கு நேர் கீழே தமிழில் போடலாம் என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டுவருகிறேன். சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.