விரல் பட்ட ரோமம்

ஜூன் 7, சனி

1933 'கிங் காங்' மறுபடி. குரங்கு முகம் காட்டவே முக்கால் மணி நேரம் ஆகிறது. இப்போதென்றால் டிரெய்லரிலேயே மூன்று தடவை காட்டியிருப்பார்கள்.

இந்த முறை கதையை விட்டுவிட்டு ரோமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காங் சும்மா நிற்கும்போதும் தோளிலும் மார்பிலும் ரோமம் நெளிந்துகொண்டே இருக்கிறது. மார்செல் டெல்காடோ செய்த பொம்மை அது. சுமார் 18 அங்குலம். உள்ளே மூட்டு மூட்டாக மடங்கும் உலோக எலும்பு, மேலே ரப்பரும் முயல் தோலும். ஒரு நொடிப் படத்துக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஒவ்வொன்றுக்கும், பொம்மைகளை அசைத்துப் படமாக்கிய வில்லிஸ் ஓ'பிரையன் குழு கையை விட்டுக் கொஞ்சம் அசைத்துவிட்டு ஒரு பிரேம் எடுக்கும். விரல் பட்ட இடத்தில் ரோமம் படுத்துவிடும். அடுத்த பிரேமில் வேறு பக்கம் சாயும். தொழில்படி பார்த்தால் குறைதான். பார்ப்பவனுக்கோ கோபத்தில் சிலிர்க்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

டைனோசர் சண்டையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். காங் பிடிக்கிற பிடியெல்லாம் மல்யுத்தப் பிடி. அதைவிட முடிவு: எதிரியின் தாடையைக் கிழித்துக் கொன்ற பிறகு, அந்தத் தாடையைத் திறந்து மூடிப் பார்க்கிறது. செத்துவிட்டதா என்று சோதிக்கிறதா, விளையாடுகிறதா? ஒரு வார்த்தை வசனம் இல்லை. பொம்மைக்குள் யாரோ யோசிக்கிறார்கள் என்று நம்ப வைக்கிற இடம் இது.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியிலும் அப்படித்தான். குண்டு பட்ட மார்பைத் தொட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறது. சுடுகிற விமானத்தில் இருப்பவர்கள் படத்தின் இயக்குநர்களான கூப்பரும் ஷோட்சாக்குமே. பெற்றவர்களே கொன்ற கதை!

ஜூன் 11, புதன்

வேலை முடிந்து வர ஒன்பது. மரத்து மேல் நாயகி ஃபே ரே கத்துகிற காட்சி வரைதான் பார்த்தேன். சண்டையை முதலில் பொம்மைகளை வைத்து எடுத்து, அதைப் பெரிய திரையில் பின்னாலிருந்து ஓட்டி, முன்னால் அவரை நடிக்க வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் இதைத் தலைகீழாகவும் செய்தார்கள்: சின்ன செட்டுக்குள் குட்டித் திரை வைத்து, அதில் மனிதர்களைப் பிரேம் பிரேமாக ஓட்டுவது. அப்புறம், தீவில் 18 அடியாகத் தெரிகிற காங் நியூயார்க்கில் 24 அடி ஆகிவிடுகிறது. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே சின்னதாகத் தெரியக்கூடாது என்று கூப்பர் நினைத்தாராம். எனக்கு உறுத்தவில்லை.

ஜூன் 14, சனி

தொடர்ச்சிப் படமான 'சன் ஆஃப் காங்'. முதல் படம் ஓடிய அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது. அவசரம் தெரிகிறது. சரி, விடுவோம்.

ஜூன் 15, ஞாயிறு

'மைட்டி ஜோ யங்', 1949. இதில் ஜோ என்ற கொரில்லா. ஆஸ்கர் விருது ஓ'பிரையன் கணக்கில் வந்தது. பொம்மையை அசைத்ததில் பெரும்பங்கு ரே ஹாரிஹவுசனுடையது. 13 வயதில் காங்கைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கே வந்தவர். ஜோவை அசைத்த நாட்களில் கொரில்லா மனநிலை வர காரட்டும் செலரியும் தின்றதாகச் சொல்லியிருக்கிறார்.

தின்றது வீண்போகவில்லை. குடிகாரர்கள் புட்டி புட்டியாகக் கொடுக்க, ஜோ தள்ளாடுவதும் பிறகு வெறி ஏறுவதும் எந்த நடிகரும் பொறாமைப்படும் நடிப்பு. ரோமமும் அவ்வளவாக நெளியவில்லை. நடிப்பில் ஜோதான் மேல் என்று எழுதிவைக்கிறேன். ஆனால் பயம்? அது காங்கிடம்தான். ஜோ நல்ல பிள்ளை, தீப்பிடித்த அநாதை இல்லத்தில் குழந்தையைக் காப்பாற்றுகிறது. காங் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து 1976 'கிங் காங்' இருக்கிறது. பெரும்பாலும் உடை போட்ட ஆள்தான் குரங்கு. அதற்கு அவசரமில்லை.