தொட்டிக் கரி

"ஏங்கண்ணு, இதத்தான் காலேஜ்ல வெச்சு ஆராய்ச்சி பண்றயா?"

காங்கேயத்து வீட்டில் காலையில் வெந்நீர் அடுப்பிலிருந்து ஆறிப்போன தேங்காய்த் தொட்டிக் கரி ஒன்றை எடுத்து நீட்டினார் அம்மிச்சி. நகத்தால் சுண்டினேன், கணீரென்றது. உடைந்த விளிம்பில் மெல்லிய மினுமினுப்பு.

இதேதாங்க அம்மிச்சி. என்ன, சோடியம் பேட்டரிக்காக நாங்க இதை ஆயிரம் டிகிரிக்கு மேலே காற்றே இல்லாமல் சுடுவோம்.

போன் பேட்டரி லித்தியத்தில் ஓடுவது; சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய் உட்காரும் இடம் கிராஃபைட், அடுக்கடுக்கான ஒருவகைக் கரி. அதன் அடுக்குகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர்தான் சந்து. லித்தியம் நுழைந்துவிடும். சோடியம் அயனி கொஞ்சம் தாட்டியான ஆள். ஆரம் 0.102, லித்தியத்துக்கு 0.076. (உருவம் மட்டுமே காரணமில்லை, கிராஃபைட்டோடு அதற்கு ஒட்டுறவும் சரியில்லை.)

தொட்டிக் கரியின் அடுக்குகள் கோணல்மாணலாகக் கிடப்பதால் சந்து 0.37க்கு மேலே போகும், இடையிடையே நுண்ணிய பொந்துகளும் உண்டு. சோடியம் போய் உட்கார அது போதும்.

அப்புறம் அரைப்பது. நைசாக அரைத்தால் அயனி போகும் தூரம் குறையும், சார்ஜ் வேகமாக ஏறும். ஆனால் மேற்பரப்பு கூடிவிடும்; முதல் சார்ஜிலேயே கணிசமான சோடியம் மேலே படலமாக ஒட்டி வீணாகும். நான் மூன்று மாதமாக மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான்.

"மாவா அரைக்காத, ரவையா ஒடச்சுப் பாரு" என்றார்.

என் கைடும் போன வாரம் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார், பவர்பாயிண்ட் போட்டு.

கிளம்பும்போது பையில் ரெண்டு கிலோ கரி. "வெந்நிக்கு மட்டும் மிச்சம் வெச்சுருக்கறேன் சாமி."