மிளகு தேடிப் போனவர்

அக்டோபர் இரண்டாவது திங்கள். இங்கே அமெரிக்காவில் கொலம்பஸ் தினம். தபால் வராது, பேங்க் கிடையாது. எங்க ஆபீஸுக்கு மட்டும் லீவு இல்லை, வழக்கம்போல!

இதில் வேடிக்கை, இன்றைய ஐம்பது மாநிலங்களில் ஒன்றில்கூட அந்த மனுஷன் கால் வைத்ததில்லை. 1492 அக்டோபர் 12 அன்று இறங்கியது பஹாமாஸ் தீவு ஒன்றில். பூமியின் சுற்றளவைக் குறைத்துக் கணக்குப் போட்டு, ஆசியாவுக்கே வந்துவிட்டதாக நம்பி, அங்கிருந்தவர்களை 'இந்தியர்' என்றார். அவர்களை அடிமையாக்கியதும் அவரே. பல ஊர்களில் இதே நாளைப் பூர்வகுடிகள் தினமாகக் கொண்டாடுவது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் சாயங்காலம் சாம்பாருக்குத் தாளிக்கும்போது சிரிப்பு வந்தது. அவர் தேடிப் போனவற்றில் நம்ம மிளகும் ஒன்று. கிடைத்தது வேறு ஒரு காரம். 'ஆஹி, இதுதான் இவர்களுடைய மிளகு' என்ற ரீதியில் 1493 ஜனவரியில் குறித்தும் வைத்தார். பிறகு போர்த்துகீசியர் அதைக் கப்பலேற்றி நம்ம பக்கம் கொண்டுவர, நாமும் மிளகு ஞாபகத்திலேயே 'மிளகாய்' என்று பேர் வைத்துவிட்டோம்.

எண்ணெயில் நாலு வற்றல் கறுத்துக்கொண்டிருந்தது. ஸ்மோக் அலாரம் அலறியதும் ஜன்னலைத் திறக்க ஓடினேன்.